பெருக்கியல்: மூலமும் உரையும்

தமிழில் யானைக்கு நூல் உண்டு, குதிரைக்கு நூல் உண்டு. பல்லி எந்தத் தோளில் விழுந்தால் என்ன பலன் என்பதற்குப் பஞ்சாங்கத்தில் ஆண்டுதோறும் இடம் ஒதுக்கி வருகிறோம். பல கோடிப் பேர் ஒரே இடத்தில் கூடிக் காலை வணக்கம் சொல்லிக்கொள்ளும்போது அந்த இடம் ஏன் சரிகிறது, சரியாமல் நிற்பது எப்படி என்பதற்கு மட்டும் ஒரு சூத்திரமும் இல்லை. அக்குறை தீர இச்சிறுநூல் செய்யப்படுகிறது. மூலம், உரை இரண்டையும் ஒருவரே செய்திருக்கிறார். உரை ஓடாத இடத்தில் மூலத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்பது இதிலுள்ள வசதி. பழைய உரையாசிரியர்களுக்கு இது வாய்க்கவில்லை.

பாயிரம் சுருக்கமாக. நுதலிய பொருள்: சமூக வலைத்தளங்கள் பெருகும்போது அவற்றைக் கட்டி மேய்க்கும் பொறியாளர்கள் படும் அல்லல். கேட்டற்குரியார்: கையில் போன் உள்ள எவரும், பொறியாளர்கள் நீங்கலாக, அவர்களுக்கு இதெல்லாம் தெரியும், தூக்கமும் பாக்கி. பயன்: தளம் படுத்துவிட்டால் போனை உதறாமை. ட்விட்டர் இன்று எக்ஸ் என்று வழங்குகிறது; இங்கே சொல்லப்படுபவை பெயர் மாறுவதற்கு முந்திய நிகழ்ச்சிகள் ஆதலின் பழைய பெயரே கொள்க.

பலர்வரல் பிழையன்று, பலரும் ஓர்நொடி
ஒருங்குவரல் பிழையே உணருங் காலே.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், கூட்டத்தால் கேடில்லை, கூட்டம் கடிகாரம் பார்த்து வருவதால்தான் கேடு என்பது உணர்த்துதல் நுதலிற்று. 2013-ல் ட்விட்டரில் நாளொன்றுக்கு 50 கோடி ட்வீட்கள் வந்தன. சராசரி போட்டால் நொடிக்கு ஏறத்தாழ 5,700. சராசரி என்பது நிதிநிலை அறிக்கைக்கு உதவும், சர்வருக்கு உதவாது. அவ்வாண்டு ஆகஸ்ட் 2 இரவு ஜப்பான் தொலைக்காட்சியில் மியாசாகியின் ‘வானத்துக் கோட்டை’ என்ற அனிமேஷன் படம் மறுஒளிபரப்பானது. 1986-ல் வெளிவந்த படம். அதில் நாயகனும் நாயகியும் கைகோத்து ‘பருசு’ என்று ஓர் அழிவு மந்திரத்தைச் சொல்வார்கள். கோட்டை இடிந்து விழும். அந்தக் கணத்தில் நாட்டு மக்களும் அதே சொல்லை ட்விட்டரில் இடுவது அங்கே வழக்கம். அன்றிரவு அந்த ஒரு நொடியில் 1,43,199 ட்வீட்கள் வந்தன. சராசரியைப் போல் இருபத்தைந்து மடங்கு.

கோட்டை விழுந்தது, ட்விட்டர் விழவில்லை. இதை நிறுவனம் தன் பொறியியல் சாதனையாக அறிவித்துக்கொண்டது, நியாயமே. ஒரு மந்திரம் பலிக்காமல் போனதற்காகப் பொறியாளர்கள் பெருமைப்பட்டதாக வேறு சான்று நம் பார்வைக்கு வரவில்லை.

அற்றேல், முன்பு விழுந்ததுண்டோ எனின், உண்டு. தொடக்கத்தில் ட்விட்டரின் வேலை முழுவதையும் ரூபி ஆன் ரெயில்ஸில் எழுதிய ஒரே பெரிய நிரல் பார்த்தது. 2010 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது, கோலை நோக்கி அடித்த ஒவ்வொரு அடிக்கும், நடுவர் காட்டிய ஒவ்வொரு மஞ்சள் அட்டைக்கும் உலகம் ஒரே குரலில் கூவியது. தளம் திரும்பத் திரும்பச் சற்று நேரம் காணாமல் போனது. அப்போதெல்லாம் திரையில் ஒரு வெள்ளைத் திமிங்கிலம் தோன்றும். ஆரஞ்சு நிறக் குருவிகள் சில அதைக் கயிறு கட்டி வானத்தில் தூக்கிச் செல்லும். யீயிங் லூ என்ற ஓவியர் வரைந்தது. நாளடைவில் மக்கள் அதன்மேல் அன்பு கொண்டு ரசிகர் மன்றம் அமைத்தார்கள். பழுதுக்கே ரசிகர் மன்றம் அமைந்தபின் பழுதை நீக்க மனம் வருவது அரிது, எனினும் நீக்கினார்கள். ஒற்றை நிரலை உடைத்துப் பல சிறு சேவைகளாகப் பிரித்தபின் 2013-ல் திமிங்கிலத்துக்கு ஓய்வு கொடுக்கப்பட்டது. மறு ஆண்டே ஆஸ்கர் மேடையில் எலன் டிஜெனெரஸ் நடிகர் கூட்டத்தோடு எடுத்த செல்ஃபி ட்விட்டரை இருபது நிமிடத்துக்கு மேல் தள்ளாட வைத்தது. அதற்குத் திமிங்கிலம் இல்லை.

சொன்னது ஒன்றே ஆயினும் கேட்போர்
தொகையாற் பெருக்கித் தூக்குக சுமையே.

சொன்னவர் ஒருவர், சொன்ன சொல் ஒன்று. சுமை மட்டும் கேட்போர் எண்ணிக்கையளவு என்பது பொருள். இதை விளக்கக் கல்யாணப் பத்திரிகையைக் கொள்க. ஊர்ப் பொதுச் சுவரில் ஒட்டிவிட்டு, வேண்டியவர் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவது ஒரு முறை. ஒட்டுபவருக்குச் சிரமமில்லை, பார்க்க வருகிறவர்தான் நூறு பேர் பத்திரிகைக்கு நடுவே தம் உறவினருடையதைத் தேட வேண்டும். வீடு வீடாகப் போய் வெற்றிலை பாக்கோடு வைத்துவிட்டு வருவது மற்றொரு முறை. வைப்பவருக்குக் கால் போகும். பெறுபவர் உட்கார்ந்த இடத்தில் படிக்கலாம். ட்விட்டர் இரண்டாவதைத் தேர்ந்தது. காரணம் கணக்கு. 2012-ல் அதன் பொறியியல் துறைத் தலைவர்களில் ஒருவரான ராஃபி கிரிகோரியன் ஓர் உரையில் சொன்னபடி, எழுத வருவோர் நொடிக்கு 6,000 அளவில். படிக்க வருவோர் நொடிக்கு 3 லட்சம். எழுதும்போதே வீடு வீடாகச் சேர்த்துவிட்டால் படிக்கும்போது தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு பயனருக்கும் 800 ட்வீட் கொள்ளும் பட்டியல் ஒன்று நினைவகத்தில் தயாராக இருந்தது. அதுவும் மூன்று படிகளாக. முப்பது நாள் தலைகாட்டாதவருக்குப் பட்டியல் கிடையாது. திரும்பி வந்தால் அவசரமாக ஒன்று கட்டித் தரப்படும்.

இம்முறை சாமானியர்களுக்கு நன்கு பொருந்தியது. அப்புறம் லேடி காகா வந்தார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் அப்போது 3.1 கோடி. எல்லாரும் ஒழுங்காக வருகிறவர்கள் என்றே கொண்டால், அவர் ‘வணக்கம்’ என்று ஒரு வார்த்தை எழுத, இயந்திரம் 9.3 கோடி இடத்தில் எழுத வேண்டும். ஐந்து நொடிக்குள் சேர்த்துவிட வேண்டும் என்பது நிறுவனத்தின் குறிக்கோள். அவர் சொல் கடைசி வாசலை அடைய ஐந்து நிமிடம் வரை ஆனது. ஆகவே பொறியாளர்கள் தங்கள் கொள்கையில் ஒரு விதிவிலக்கு செய்யலானார்கள். எளியவர் பத்திரிகை வீடு தேடி வரும்; பெரிய மனிதர் பத்திரிகை சுவரில் இருக்கும், படிப்பவர் தளத்தைத் திறக்கும் கணத்தில் இரண்டையும் சேர்த்துத் தைத்துக் கொடுக்கப்படும். புகழ் வளர்ந்தால் வீட்டுக்கு வருவது நின்றுவிடும் என்பது உலகியலிலும் காணப்படுவதே.

அந்த ஐந்து நிமிடத்துக்குள் வேறொன்று நடந்தது. முதல் ஆயிரம் பேருக்குச் செய்தி வந்துவிட்டது. அவர்களில் ஒருவர் பதிலும் எழுதிவிட்டார். பதில் எழுதியவருக்குச் சுற்றம் குறைவாகையால் அவர் பதில் சடுதியில் போய்ச் சேர்ந்தது. விளைவாகப் பல லட்சம் பேர் முதலில் விடையைப் படித்தார்கள், பிறகு வினாவைப் படித்தார்கள். இதற்கும் சூத்திரம் உண்டு:

முன்னது பின்னும் பின்னது முன்னும்
வரினும் வரையார் வலைவழக் குள்ளே.

வரையார் என்றமையால், இது குற்றமன்று என்பது பெற்றாம். எது முன், எது பின் என்று தீர்ப்பது தோன்றும் அளவுக்கு எளிதன்று. ஆயிரக்கணக்கான இயந்திரங்களில் ஆயிரக்கணக்கான கடிகாரங்கள் ஓடுகின்றன. இரண்டு கடிகாரங்கள் ஒத்துப்போவதில்லை. ஒரே இயந்திரம் உட்கார்ந்து எல்லா ட்வீட்டுக்கும் வரிசை எண் போட்டுத் தருவதென்றால் அதன் வாசலில் வரிசை நிற்கும். எனவே 2010-ல் ட்விட்டர் ‘ஸ்னோஃப்ளேக்’ என்றொரு முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வோர் எண்ணிலும் 41 பிட் நேரத்துக்கு, 10 பிட் எண் கொடுத்த இயந்திரத்துக்கு, 12 பிட் அந்த மில்லிசெகண்டுக்குள் எத்தனையாவது என்பதற்கு. யாரும் யாரையும் கேட்காமலே எண் போட்டுக்கொள்ளலாம். ஒரே மில்லிசெகண்டில் ஓர் இயந்திரம் 4,096 எண் வரை தரும். 41 பிட்டில் அறுபத்தொன்பது ஆண்டுக்கு மேல் அடங்கும், ஆகவே 2080 வரை கவலையில்லை. இயந்திரத்தின் கடிகாரம் எப்போதாவது பின்னோக்கி நகர்ந்துவிட்டால், காலம் பழைய இடத்துக்கு வந்து சேரும்வரை எண் தருவதில்லை என்று ஸ்னோஃப்ளேக் மறுத்துவிடும். காலத்தோடு இவ்வளவு கண்டிப்பாக நடந்துகொள்ளும் அலுவலகம் வேறு இல்லை.

இனி நூலின் நடுப்பகுதி. இதுவே உயிர்.

எண்ணி அறிந்து கூறலின் எண்ணாது
கூறல் விரைவே, கொள்கவஃ தெனவே.

தீங்கற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கலாம் என்று வள்ளுவர் ஒரு விலக்கு அளித்திருக்கிறார். அவ்விலக்கைத் தினமும் பல கோடி முறை பயன்படுத்துகிறவர்கள் தரவுத்தளப் பொறியாளர்கள். ஜஸ்டின் பீபர் இன்ஸ்டாகிராமில் ஒரு படம் போடுகிறார். பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் ‘இத்தனை லைக்’ என்று காட்ட வேண்டும். நேர்மையான வழி, லைக் போட்ட அத்தனை பேரையும் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து எண்ணுவது. அதற்கு நூற்றுக்கணக்கான மில்லிசெகண்டு பிடித்தது. கேட்பவர் ஒருவரென்றால் பொறுக்கலாம்; அந்தப் பிள்ளைக்கு ஒருவரா ரசிகர்? எனவே எண்ணுவதை விட்டுவிட்டு, ஒரு துண்டுத் தாளில் குறிப்பது போல் மொத்தத்தைத் தனியே எழுதி வைத்து, லைக் விழ விழக் கூட்டிக்கொண்டார்கள். கேட்டால் எழுதிவைத்த எண்ணை வாசித்துவிடுவது. சில பத்து மைக்ரோசெகண்டில் வேலை முடிந்தது.

ஃபேஸ்புக் இதை இன்னும் பண்பட்ட நிலைக்குக் கொண்டுபோயிற்று. அங்கே அடிக்கடி கேட்கப்படும் விடைகள் ‘மெம்கேஷ்’ என்னும் நினைவகத்தில் இருக்கும். தரவுத்தளம் உள்ளறையில் இருக்கும். நினைவகத்திலிருந்து ஒரு விடை நீங்கிய அந்தக் கணத்தில் அதைக் கேட்டு நின்ற பத்தாயிரம் பேரும் ஒரே பாய்ச்சலில் உள்ளறைக்கு ஓடுவார்கள். பொறியாளர்கள் இதை மந்தை மிரண்டோடுவது என்று வழங்குகிறார்கள். 2013-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் மருந்து சொல்லப்பட்டிருக்கிறது. முதலில் வந்தவருக்கு மட்டும் ஒரு சீட்டு. அவர் உள்ளே போய் விடை எடுத்து வருவார். ஒரே கேள்விக்குப் பத்து நொடிக்கு ஒரு சீட்டுக்கு மேல் கிடையாது. மற்றவர்களுக்கு ‘கொஞ்சம் பொறுத்து வா’ என்று பதில். பொறுக்க மனமில்லாதவருக்கு, சற்றுமுன் கழித்துப்போட்ட பழைய விடையையே கொடுத்து அனுப்பலாம். மந்தை மிரளும் வாய்ப்பு மிகுந்த சில கேள்விகளை எடுத்து அவர்கள் அளந்து பார்த்ததில், தரவுத்தளத்துக்குப் போன கேள்விகளின் உச்சம் நொடிக்கு 17,000-லிருந்து 1,300 ஆக இறங்கியது. சீட்டு கொடுப்பது, நாளை வா என்பது, பழைய தாளை நீட்டுவது ஆகிய மூன்றும் அரசு அலுவலகங்களில் நெடுங்காலமாக வழக்கில் உள்ளவைதாம். அவற்றின் பொறியியல் பெருமையைக் கணக்கிட்டு எழுதியவர்கள் கலிபோர்னியாக்காரர்கள்.

இதற்குத் தத்துவ ஆதரவும் உண்டு. 2000-ல் எரிக் புரூவர் ஓர் அனுமானம் சொன்னார். 2002-ல் கில்பர்ட், லிஞ்ச் என்ற இருவர் அதை நிறுவினார்கள். பல இயந்திரங்களில் பரந்து கிடக்கும் ஓர் அமைப்பில் இயந்திரங்களுக்கு இடையே தொடர்பு அறுந்தால், சரியான விடை அல்லது உடனடி விடை, இரண்டில் ஒன்றைத்தான் தர முடியும். வங்கி முதலாவதைத் தேர்ந்து வாயை மூடிக்கொள்ளலாம். சமூக வலைத்தளம் பெரும்பாலும் இரண்டாவதையே தேரும். தவறான விடை பின்னர் மெல்லத் திருந்திக்கொள்ளும். இந்நிலைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘இறுதியில் ஒத்துப்போதல்’. இறுதி எப்போது என்று சூத்திரம் சொல்லவில்லை. ஃபேஸ்புக் பொறியாளர்கள் இன்பாக்ஸ் தேடலுக்காக உருவாக்கி 2008-ல் பொதுவில் விட்ட தரவுத்தளம் ஒன்றுக்குக் கசாண்ட்ரா என்று பெயர். கிரேக்கக் கதையில் கசாண்ட்ரா உண்மையையே சொன்னாள், ஒருவரும் நம்பவில்லை. இந்தத் தரவுத்தளத்தைச் சற்றுப் பழைய விடையும் சொல்லும்படி அமைக்கலாம், எல்லாரும் நம்புகிறார்கள்.

பணியாள் பெருகப் பழுதும் பெருகும்.

இதன் பொருள் வெளிப்படை. 2014 பிப்ரவரியில் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலர் கொடுத்து வாட்ஸ்அப்பை வாங்கியபோது அதைப் பயன்படுத்தியவர்கள் 45 கோடிப் பேர். பொறியாளர்கள் 32 பேர். தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளுக்காக எரிக்சன் நிறுவனத்தில் 1980-களில் பிறந்த எர்லாங் என்ற மொழியில் எழுதியிருந்தார்கள். ஒரே சர்வரில் 20 லட்சம் இணைப்புகளைத் தாங்கவைத்ததாக 2012-லேயே கணக்குக் காட்டினார்கள். அவர்கள் சாமர்த்தியத்தில் பாதி, சேர்த்துவைக்காமல் இருந்தது: செய்தி போய்ச் சேர்ந்ததும் சர்வர் அதை மறந்துவிடும். மறதியும் ஒரு தொழில்நுட்பமே என்பது இதனால் பெறப்படும்.

இல்லது கேட்பினும் இயந்திரம் உழைக்கும்.

இன்ஸ்டாகிராம் 2010 அக்டோபர் 6 அன்று, ஒரு மடிக்கணினியின் வலுக்கூட இல்லாத ஒரே ஒரு சர்வரில் தொடங்கியது. முதல் நாளே 25,000 பேர் வந்தார்கள். சர்வர் திணறியது. ஆராய்ந்ததில் அகப்பட்ட முதல் குற்றவாளி, பிரவுசர் தலைப்பில் தெரியும் கட்டைவிரல் நகமளவுச் சின்னம். அதை வைக்க மறந்துவிட்டார்கள். ஒவ்வொரு பிரவுசரும் அதைக் கேட்டது. ஒவ்வொரு முறையும் நிரல் முழுதாக எழுந்து வந்து, தேடி, ‘இல்லை’ என்று பதில் எழுதி, பிழையைப் பதிவேட்டில் குறித்துவிட்டுப் போனது. அந்தச் சிறு படத்தைப் போட்டதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. இரண்டு ஆண்டுக்குள் 13 பேர் வேலை பார்த்த அந்நிறுவனத்தை ஃபேஸ்புக் 100 கோடி டாலருக்குப் பேசி முடித்தது.

அமைப்பைக் காக்கும் கருவியும் அவ்வமைப்பு
உள்ளே இருத்தல் உடன்சா வாகும்.

2021 அக்டோபர் 4. ஃபேஸ்புக்கின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பில் இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்க, பராமரிப்பின்போது ஒரு கட்டளை இடப்பட்டது. கட்டளை பார்க்கவில்லை, முதுகெலும்பையே கழற்றிவிட்டது. இத்தகைய கட்டளைகளைத் தடுக்கவென்றே ஒரு தணிக்கை நிரல் இருந்தது. அதில் ஒரு பிழை இருந்தது. ஃபேஸ்புக்கின் முகவரியை உலகுக்குச் சொல்லும் டி.என்.எஸ். சர்வர்கள், தரவு மையங்களை எட்ட முடியவில்லையே, நமக்குத்தான் உடம்பு சரியில்லை போலும் என்று கருதி, தங்கள் இருப்பிடத்தை இணையத்திலிருந்து தாங்களே விலக்கிக்கொண்டன. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் இல்லாமல் போயின.

சரிசெய்யலாம் என்றால், சரிசெய்யும் கருவிகளும் அதே வலையமைப்பில் இருந்தன. ஆட்களை நேரில் அனுப்பினார்கள். தரவு மையங்கள் அந்நியர் நுழைய முடியாதபடி கட்டப்பட்டவை. நுழைந்தாலும் உள்ளிருக்கும் இயந்திரங்களில் எளிதில் கைவைக்க முடியாதபடி அமைக்கப்பட்டவை. இரண்டு பாதுகாப்பும் அன்று நன்றாக வேலை செய்தன என்று நிறுவனத்தின் விளக்கத்திலிருந்து அறிகிறோம். அலுவலகக் கட்டடங்களில் ஊழியர்களின் அடையாள அட்டைக்குக் கதவு திறக்கவில்லை என்றும் செய்தி வந்தது. நிறுவனம் உலகத்திடம் மன்னிப்புக் கேட்க இடம் தேடி, ட்விட்டரில் போய்க் கேட்டது. இணைப்பு திரும்பிய பின்பும் உடனே எல்லாரையும் உள்ளே விட முடியவில்லை. பல்லாயிரம் கிலோவாட் அளவுக்கு இறங்கியிருந்த மின்சுமை ஒரே வீச்சில் ஏறினால் மீண்டும் எல்லாம் சரியும் என்பதால் சிறிது சிறிதாகத் திறந்தார்கள். முதல் சூத்திரத்தை ஈண்டும் கூட்டி உரைத்துக்கொள்க.

இவ்வளவும் சொன்னபின் ஒருவர் எழுந்து, ‘பழைய விடை, முன்பின் மாறிய வரிசை, எண்ணாத எண் என்று இத்தனை புரட்டு எதற்கு? உண்மையை உண்மையாகச் சொல்லும் ஒரு தளம் கட்டக்கூடாதா?’ என்று கேட்கலாம். கட்டினார்கள். அதன் பெயர் ஃபிரெண்ட்ஸ்டர். 2002-ல் ஜொனாதன் ஏப்ரம்ஸ் தொடங்கியது; ஃபேஸ்புக்குக்கு மூத்தது. திரையில் ஒருவர் பக்கத்தைத் திறந்தால், உங்களுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு, யார் வழியாக, எத்தனை படி தள்ளி என்று அத்தளம் காட்டும். நான்கு படி வரை. இதை எங்கிருந்தோ எடுத்துவைத்த பழைய கணக்கில் பார்த்துச் சொல்லாமல், பக்கம் திறக்கும்போதெல்லாம் புதிதாகக் கணக்கிட்டது. ஒருவருக்கு ஐம்பது நண்பர்கள் என்று வைத்துக்கொண்டால் இரண்டாம் படியில் 2,500, மூன்றாம் படியில் 1,25,000, நான்காம் படியில் 62,50,000. தளத்தில் இருந்தவர்களே 2003 இறுதியில் 30 லட்சம் அளவில்தான். அதாவது ஒவ்வொரு முறையும் ஊரையே இரண்டு தடவை எண்ணிவிட்டு வந்து, ‘இவர் உங்கள் நண்பரின் நண்பர்’ என்றது.

விடை சரியாக இருந்தது. வர நாற்பது நொடி வரை ஆனது. இயக்குநர் குழுவில் பெரிய பெரிய முதலீட்டாளர்கள் உட்கார்ந்து இணையத் தொலைபேசி, பிற மொழிப் பதிப்புகள், விளம்பர ஒப்பந்தங்கள் பற்றியெல்லாம் விவாதித்தார்கள். பக்கம் திறக்கவில்லை என்பது அவர்களுக்கு மிகச் சிறிய செய்தியாகத் தோன்றியதென்று 2006-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அதற்குள் அமெரிக்கப் பயனர்கள் மைஸ்பேஸுக்குப் போய்விட்டிருந்தார்கள். பிலிப்பைன்ஸ், மலேசியா, இந்தோனேசியாவில் சில ஆண்டுகள் ஓடியது. 2003-ல் கூகுள் 3 கோடி டாலருக்குக் கேட்டபோது ஃபிரெண்ட்ஸ்டர் தன்னை விற்க மறுத்துவிட்டது. மனிதர்களை அவர்களின் உறவுகளை வைத்து இணைத்துக் காட்டும் அந்த முறைக்கு 2006-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 2010-ல் ஃபிரெண்ட்ஸ்டரின் காப்புரிமைகளை ஃபேஸ்புக் விலைக்கு வாங்கிக்கொண்டது. விலை 4 கோடி டாலர் என்று அப்போது செய்தி வந்தது.